வெட்டுக்கு வராத மரத்தைச் சாய்த்துவிட்டீர்கள்: ஓட்டத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நெடுந்தூர ஓட்டப் பயிற்சித் திட்டத்தின் தேர்வுக் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

போன மாதம் பினாங்கு ஆயர் ஈத்தாமில், ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு உங்கள் கடிதம் வந்தது. மலாயில் இரண்டே பத்தி. அதை என்னிடம் கொண்டுவந்த பெண் எட்டாக மடித்துக் காலுறைக்குள் செருகியிருந்தாள். ஓடும்போது சாவியை வைக்கும் இடம் அது. பிரித்துப் படித்தேன். 20 வயது நிறைந்துவிட்டதாலும், தகுதி நேரத்தை எட்டாததாலும், 'பொத்தென்சி தெர்ஹாட்' என்பதாலும் மாத உதவித்தொகையும் பயிற்சி இடமும் நிறுத்தப்படுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பொத்தென்சி தெர்ஹாட். இதற்குமேல் வளர வழியில்லை என்று அர்த்தம்.

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். எந்த அமைப்பு, எந்த அலுவலகம் என்று இதில் குறிப்பிடவில்லை. அவளுடைய பெயரையும் எழுதவில்லை. இரண்டும் உங்கள் கோப்பில் இருக்கின்றன.

முதலில் என் கணக்கைக் காட்டுகிறேன். என்னிடம் ஒன்பது 555 புத்தகங்கள் இருக்கின்றன. மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம்தான். பிள்ளைகள் ஓடிய நேரத்தையெல்லாம் அதில்தான் குறித்து வருகிறேன். இந்தப் பெண் என்னிடம் வந்தபோது வயது 15. மாவட்டக் குறுக்கோட்டத்தில் 41-ஆவதாக வந்தவள். கால்களைப் பார்த்து நான் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. பந்தயம் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் மைலோ பானம் கொடுக்கும் வண்டிக்கு ஓடினார்கள். இவள் மட்டும் வந்த வழியே திரும்பிப் போய், வழியில் கழன்று விழுந்த ஒரு காலணியைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரை ஒற்றைக் காலணியோடு ஓடியிருக்கிறாள், யாரிடமும் வாய் திறக்காமல்.

5000 மீட்டரில் அவளுடைய நேரங்கள் இவை. 16 வயதில் 21 நிமிடம் 40 விநாடி. 17-இல் 20:25. 18-இல் 19:30. 19-இல் 18:47. இந்த ஆண்டு மார்ச்சில், காலை ஆறரை மணிக்கு, மூன்று கைக்கடிகாரங்களின் கணக்கில் 18:12. நீங்கள் வைத்த தகுதி நேரம் 18:20. ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வரும் இந்த எண்களைப் பார்த்து 'வளர வழியில்லை' என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வந்தது என்று பல நாள் யோசித்தேன். கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை என்ற முடிவுக்குத்தான் வர முடிந்தது. பிழையென்றால் திருத்துங்கள்.

இனி தேர்வு நாளைப் பற்றி. நிகழ்ச்சி நிரலில் பெண்கள் 5000 மீட்டர் காலை 7:30 என்று இருந்தது. அவள் மூன்றரைக்கு எழுந்து, நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழமும் ரொட்டியும் சாப்பிட்டு, ஆறேகாலுக்குத் திடலில் இருந்தாள். சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வந்து கொடியேற்றிப் பேசி முடிக்காமல் எதையும் தொடங்கக்கூடாது என்றார்கள். ஒன்பதரைக்கு வந்தார். பேச்சு முடிந்ததும் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களை நடத்தினீர்கள், புகைப்படக்காரர்கள் கிளம்பிவிடுவார்களே. எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டபோது மணி 10:50.

செந்நிற ரப்பர் தடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விநாடிக்குமேல் தாங்கவில்லை. தண்ணீர் மேசையில் இருந்த இரண்டு அட்டைப்பெட்டித் தண்ணீரையும் கொடியேற்றத்துக்கு நின்ற மாணவர்கள் குடித்துத் தீர்த்திருந்தார்கள். 5000 மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. முதல் ஐந்து சுற்றையும் தலா 88 விநாடியில் ஓடினாள். திட்டமிட்டபடியேதான். ஆறாவது சுற்று 90. ஒன்பதாவது 94. கடைசி மூன்று முழுச் சுற்றும் 95, 95, 95. அந்த மூன்று 95-ஐ யாராவது கவனித்தீர்களா? உடம்பு விட்டுப்போன பிறகும் வேகத்தை அதற்குமேல் சரியவிடாமல் பிடித்துவைத்திருக்கிறாள். 18:58-இல் முடித்தாள். ஓடிய ஒன்பது பேரில் இருவர் பாதியில் நின்றார்கள். ஒருவர்கூட உங்கள் 18:20-ஐத் தொடவில்லை. முதலில் வந்தது இவள்தான். முதலாவதாக வந்தவளுக்குத்தான் அந்தக் கடிதம்.

பினாங்கு வெயிலில் ஓட்டக்காரரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று உங்கள் குழுவில் இருக்கும் மருத்துவருக்குத் தெரியாமல் இருக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இதயம் தள்ளும் ரத்தம் காலுக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில் வேர்வை ஊறும், சொட்டும், ஆனால் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால்தான் பினாங்குப் பாலத்து மராத்தானை நள்ளிரவு தாண்டித் தொடங்குகிறார்கள். கோலாலம்பூர் மராத்தானும் இருட்டில்தான் புறப்படுகிறது. மேல்நாட்டுக்காரர்கள் மராத்தானில் சாதனைக்குப் போவது 10, 12 பாகைக் குளிரில். நம் பிள்ளைகளுக்கோ பதினோரு மணி வெயில், அதோடு குளிரில் ஓடினாற்போல ஒரு தகுதி நேரம். 100 மீட்டர் ஓடுகிறவருக்குச் சூடு பெரிய கேடில்லை, பன்னிரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். எந்த ஓட்டத்தை வெயிலுக்கு விடலாம், எதை விடக்கூடாது என்பதுகூட நிரல் போட்டவருக்குத் தெரியவில்லை.

வெயிலை மன்னித்துவிடலாம், அது ஒரு நாள் கூத்து. அந்த 20 வயதுக் கோட்டைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் பிறந்தது நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார். ஒரு கன்றை நட்டால் அது வெட்டுக்கு வர, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பருவத்துக்கு வர, ஆறு ஏழு வருஷம் ஆகும். நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு 50 செண்டிமீட்டரை எட்டினால்தான் உளி படும். அதுவரை களை எடுத்து, உரம் போட்டு, காத்திருப்பார்கள். மூன்றாம் வருஷம் பால் வரவில்லை என்று மரத்தைச் சாய்த்த கிராணியை, அதாவது தோட்டக் கணக்கரை, எங்கள் தோட்டம் கண்டதில்லை. வெள்ளைக்காரத் துரைக்குக்கூட அந்தப் பொறுமை இருந்தது, லாபக் கணக்குக்காகத்தான் என்றாலும்.

நெடுந்தூர ஓட்டக்காரரும் அப்படித்தான் முற்றுகிறார். மூச்சு சில மாதங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக வருஷங்கள் ஆகும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு கூட வேண்டும், தசைக்குள் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் புதிதாக ஓட வேண்டும். இதெல்லாம் வாரம் தவறாமல் கிலோமீட்டர் சேரச் சேரத்தான் நடக்கும். அவசரப்பட்டுக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழ் எலும்பு கீறிவிடும். 15 வயதில் இவளை வாரம் 30 கிலோமீட்டர்தான் ஓடவிட்டேன். 18-இல் 60. இப்போது 90. அடுத்த மூன்று வருஷத்தில் 120 வரை கொண்டுபோகலாம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கின் நடுவில்தான் நீங்கள் கோடு கிழித்திருக்கிறீர்கள்.

என்னையும் ஒரு காலத்தில் இப்படித்தான் நிறுத்தினார்கள். 1990, அப்போது எனக்கு 22. 10,000 மீட்டரை 40 நிமிடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். "இளையவர்களுக்கு வழிவிடுங்கள்" என்று ஓர் அலுவலர் வாயாலேயே சொன்னார். அன்று கடிதம் எழுதும் மரியாதைகூட இல்லை, அந்த வகையில் நீங்கள் தேவலை. அம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. "ஓடி ஓடி என்னத்தக் கண்ட? இனியாவது வேலைக்குப் போ" என்றார். பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். மூன்று ஷிப்டு. இரவு ஷிப்டு முடிந்து தொழிற்சாலைப் பேருந்து இறக்கிவிட்டதும், தூங்கப் போகும் முன் ஓடுவேன். யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை, காலணி உள்பட எல்லாம் கூடுதல் நேரம் வேலை பார்த்த ஓட்டி காசில். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கியதைப் பார்த்துத் தொலைக்காட்சி முன் நின்று அழுதேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்தவர், இருபதைத் தாண்டி வெகுகாலம் ஆனவர்.

மறு வருஷம் பாலத்து மராத்தானில் ஓடினேன். வயது 31. இருட்டில் புறப்பட்டு, கடல்மேல் போகும்போது காற்று பக்கவாட்டில் தள்ளும். பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் பாதத்துக்கடியில் தட்டுப்படும், அவற்றை எண்ணிக்கொண்டே ஓடினேன். 2 மணி 56 நிமிடம். என் வாழ்நாளில் சிறந்த ஓட்டம் அது, என்னை நீக்கி ஒன்பது வருஷம் கழித்து. ஒரு பயிற்றுநரும் ஒரு மருத்துவரும் தினம் எட்டு மணி நேரத் தூக்கமும் இருந்திருந்தால் எத்தனை நிமிடம் குறைந்திருக்கும் என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. இன்று உங்களிடம் கேட்கிறேன்.

என் கதையை விடுங்கள், ஊர் அறிந்தவர்களைப் பாருங்கள். போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸ் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் மராத்தானை வென்றபோது வயது 37. மறு வருஷம் ரோட்டர்டாமில் 2:07:12 ஓடி உலக சாதனை படைத்தார், 38 வயதில். ருமேனியாவின் கான்ஸ்டன்டினா டிட்டா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும் 38 வயதில்தான். நம் இனத்துப் பிள்ளை வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டத்து கோ. லட்சுமணன் இருக்கிறார். 2017-இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம். வயது 27. உங்கள் கோட்டைப் போட்டிருந்தால் ஏழு வருஷம் முன்பே வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

கென்யாவின் கிப்சோகே 18 வயதிலேயே உலகப் பட்டம் வென்றாரே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். உண்மை, 2003-இல் பாரிஸில் 5000 மீட்டர். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு அதே எலியுட் கிப்சோகேவுக்குக் கென்ய அணியில் இடம் கிடைக்கவில்லை. வயது 27. நம் குழுவாக இருந்தால் பொத்தென்சி தெர்ஹாட். அவர் தடத்தை விட்டுச் சாலைக்குப் போனார். 2016-இல் ரியோவில் மராத்தான் தங்கம், 2018-இல் பெர்லினில் 2:01:39, அதே பெர்லினில் 2022-இல் 37 வயதில் 2:01:09.

இந்த 20 வயதுக் கோடு குறுந்தூர ஓட்டத்திலிருந்து எடுத்து எங்கள்மேல் ஒட்டப்பட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம். அங்கும் அது பொருந்தவில்லை. நம் நாட்டின் பெருமை எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, தொடர் ஓட்டம் என மூன்று தங்கம் வாங்கினார். அதே போட்டியில் எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். இருவரும் அப்போது 23 வயதை ஒட்டியவர்கள். 1990-களில் 5000, 10,000 மீட்டர் தேசிய சாதனைகளை வைத்திருந்த எம். ராமச்சந்திரனைப் பற்றி இன்றும் மேடையில் பேசுகிறீர்கள், அவரைப்போல ஒருவர் வரவில்லையே என்று. எங்கிருந்து வருவார்?

பணம் இல்லை என்பது உங்கள் அடுத்த பதிலாக இருக்கும். இவளுக்குக் கொடுத்தது மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்). ஒரு ஜோடி ஓட்டக் காலணி 700 கிலோமீட்டர் போனால் உள்ளங்கால் மெத்தை செத்துவிடும். வாரம் 90 கிலோமீட்டர் என்றால் எட்டு வாரத்துக்கு ஒரு ஜோடி, விலை 400 வெள்ளி. மீதியில் பேருந்துக் கட்டணமும் முட்டையும். அப்பா லோரி ஓட்டுகிறார், அவள் பகலில் பேரங்காடியில் அலமாரி அடுக்குகிறாள். பயிற்சி விடியற்காலையில், ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் சாலையில். ஞாயிறு மட்டும் பூந்தோட்டத்து வாசலிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப்பு பாதை. அங்கே குரங்குகள் தொல்லை வேறு, வாழைப்பழத்தைக் கையில் பார்த்தால் விடாது.

இன்னொன்று, இதில் எனக்கும் பங்கு உண்டு. 18 வயதில் நான்கு மாதம் அவள் துவண்டே கிடந்தாள். சோம்பல் என்று நினைத்துத் திட்டினேன். மாடிப்படி ஏறவே நின்று நின்று வருகிறாள் என்று அவள் அம்மா சொன்ன பிறகுதான் ரத்தம் பார்க்கச் சொன்னேன். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. மாதவிலக்கும் நெடுந்தூர ஓட்டமும் சேர்ந்தால் பெண் பிள்ளைகளுக்கு இது வரும். போதாததற்கு, சோறு சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். ஈரலும் முருங்கைக்கீரையும் சேர்த்து, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தோம். ஐந்தாம் மாதம் பழைய பெண் திரும்பி வந்தாள். அவள் உங்கள் திட்டத்தில் இருந்த இரண்டரை வருஷத்தில் ஒரு முறைகூட நீங்கள் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. எடை மட்டும் பார்த்தீர்கள், மாதாமாதம், ஆண் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி.

கடிதத்தைப் படித்த அன்று அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "கோச், நாளைக்கு அணைக்கா, திடலுக்கா?" என்றாள். அணைக்கு என்றேன். வந்தாள். இன்றுவரை வந்துகொண்டிருக்கிறாள். ஆனால் இந்தக் காலணி நவம்பரைத் தாண்டாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். 1500 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கு அந்த 20 வயது வரம்பை எடுத்துவிடுங்கள். வரம்பு கட்டாயம் வேண்டுமென்றால் 28-க்குக் கீழே வைக்காதீர்கள், எதற்காக அந்த எண் என்று எழுத்தில் விளக்குங்கள். 5000 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் தேர்வு ஓட்டத்தைக் காலை ஏழரைக்கு முன் தொடங்குங்கள். விருந்தினர் தாமதித்தால் விருந்தினர் காத்திருக்கட்டும், ஓட்டம் நடக்கட்டும். அது முடியாதென்றால் அன்றைய நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் வேறு நாள் கொடுங்கள். ஒரே ஒரு நாள் ஓட்டத்தை வைத்து யாரையும் நீக்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டு நேரங்களையும் மேசையில் வைத்துப் பேசுங்கள், பயிற்றுநரையும் கூப்பிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரு முறை இரும்புச்சத்துப் பரிசோதனை செய்யுங்கள். எடை பார்ப்பதை மூடிய அறையில், ஒரு பெண் அலுவலர் பார்க்கட்டும்.

இந்தப் பெண்ணுக்கு மட்டும் தனியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் நடுவர்களை வைத்தே, உங்கள் கடிகாரத்திலேயே, காலை ஏழு மணிக்கு ஒரு மறு ஓட்டம் கொடுங்கள். 18:20-ஐத் தொடாவிட்டால் நான் இதற்குமேல் உங்கள் கதவைத் தட்ட மாட்டேன். தொட்டுவிட்டால் நிறுத்திய மாதங்களின் தொகையோடு இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். 'பொத்தென்சி தெர்ஹாட்' என்ற வரியைக் கோப்பிலிருந்து அடித்துவிடுங்கள், அடித்ததை அவளுக்குத் தெரிவியுங்கள்.

பதிலை 30 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். ஒன்பது 555 புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன, எப்போது வரச்சொன்னாலும் எடுத்துவருவேன். அவளுக்கு அனுப்பும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பாதித் தபால் பெட்டிகளுக்குப் பூட்டு இல்லை.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் ஒருத்தி